ஏரி இருந்த இடம்

சென்னையில் நாலு நாள் மழை விடாமல் பிடித்தால், முட்டளவுத் தண்ணீரோடு பழைய வரைபடங்களும் வந்துவிடும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, லேக் எங்கே என்று யாராவது கேட்பார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இன்னும் இருக்கிறது, ஏரி இல்லை. அதன் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

இந்தத் தேடல் வீண் வேலை அல்ல. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டால், துரைசாமி சுரங்கப்பாதை ஒவ்வொரு மழைக்கும் ஏன் நிரம்புகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். அதிகாரிகள் வாயில் தவறாமல் வரும் "வரலாறு காணாத மழை"யையும் சரிபார்க்கலாம். 1943, 1976, 1985 என்று இந்த நகரம் பல வெள்ளங்களைப் பார்த்திருக்கிறது.

ஆனால் வரைபடத்தை எடுத்த கையோடு ஏக்கமும் தொற்றிக்கொள்கிறது. முன்னோர் ஏரியைக் காத்தார்கள், வெள்ளைக்காரன் கெடுத்தான் என்று கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த மாம்பலம் ஏரியைத் தூர்த்தபோது சென்னை மாகாணத்தில் மந்திரிகளாக இருந்தவர்கள் நீதிக்கட்சிக்காரர்கள். நகருக்கு அவர்கள் தலைவர் தியாகராயர் பெயர், அங்குள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். பெருகும் நகரத்துக்கு வீடு வேண்டியிருந்தது. அன்றைக்கு அது நல்ல காரியமாகத்தான் பட்டது. வில்லனைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. "ஏரியில வீடு கட்டினா தண்ணி வரத்தானே செய்யும்" என்ற ஒரே வாக்கியத்தில் நேற்றைய நிர்வாகமும் தப்பித்துவிடும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றுக் கரை வீடுகளுக்குள் புகுந்தது. மதகை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு முன் தூர்ந்த ஏரியிடம் பதில் கிடையாது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரழிவு என்றே எழுதியது.

வரலாறு யார் வாசலில் போய் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆற்றோரக் குடிசைக்கு உடனே 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கரணைக் கழுவெளியைச் சுற்றி எழுந்த ஐ.டி. கட்டடங்களுக்கும், அதற்குள்ளேயே கொட்டப்பட்ட பெருங்குடிக் குப்பைமேட்டுக்கும் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை. 2022இல் அந்தச் சதுப்புநிலத்துக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. அதற்குள் பெரும்பகுதி சுருங்கியாயிற்று. வெள்ள அபாயம் என்று சொல்லிக் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கிளப்பிய குடும்பங்கள் பலவற்றை அரசு குடியேற்றிய இடம் பெரும்பாக்கம். அதுவும் அதே சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிதான். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் தேங்குகிறது.