இயல் எண் விளையாட்டு: இயந்திரம் ஒப்புக்கொண்டால் போதுமா?

தேர்வில் ‘நிரூபி’ என்று வினா வந்தால் நம் மாணவர் பலர் என்ன செய்கிறார்கள்? மனப்பாடம் செய்ததை எழுதுகிறார்கள். நடுவே ஒரு வரி மறந்துவிட்டால், ‘ஆகவே’ என்று போட்டுக் கடைசி வரிக்குத் தாவிவிடுகிறார்கள். பல நேரங்களில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அந்த ‘ஆகவே’யை ஒருபோதும் ஏற்காத ஓர் ஆசிரியர் இருந்தால் எப்படி இருக்கும்?

அப்படி ஓர் ஆசிரியர்தான் ‘இயல் எண் விளையாட்டு’. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கெவின் பஸார்டும் முகமது பெத்ராம்ஃபரும் 2019-இல் இதை உருவாக்கினார்கள். இணைய இணைப்புள்ள கணிப்பொறியில் யாரும் கட்டணமின்றி ஆடலாம். இதன் அடியில் இயங்குவது ‘லீன்’ என்னும் மொழி. லியோனார்டோ டி மௌரா 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் தொடங்கியது அது.

லீன் ஒரு சார்பு நிரல் மொழி. அப்படியென்றால் என்ன? பழைய பேசிக் மொழியில் ‘க = க + 1’ என்று எழுதலாம். கணிதம் படித்தவருக்கு இது அபத்தம். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. அங்கே ‘க’ என்பது எண் அல்ல, உள்ளிருப்பு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. சார்பு நிரல் மொழியில் ஒரு பெயருக்கு ஒரே மதிப்பு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. ஆகையால் சமமானதற்குச் சமமானதைத் தயங்காமல் மாற்றி வைக்கலாம். நிரூபணத்துக்கு வேண்டிய அடித்தளம் இதுவே.

இன்னொரு படியும் உண்டு. ‘அ எனில் ஆ’ என்ற கூற்றை நிரூபிப்பதென்றால், அ-வின் நிரூபணத்தை வாங்கிக்கொண்டு ஆ-வின் நிரூபணத்தைத் தரும் ஒரு சார்பை எழுதுவதே ஆகும். நிரூபணம் என்பதே ஒரு நிரல்! ஹாஸ்கெல் கரி, வில்லியம் ஹோவர்ட் ஆகிய இருவரின் பெயரால் இக்கருத்து வழங்குகிறது. நிரல் வகைச் சரிபார்ப்பில் தேறினால் நிரூபணம் சரி, இல்லையேல் தவறு.

விளையாட்டுக்கு வருவோம். கையில் கிடைப்பவை சுழியம், ‘அடுத்த எண்’ என்ற கருத்து, கூட்டலுக்கு இரண்டு விதிகள். முதல் விதி: க + 0 = க. இரண்டாம் விதி: க + (ச-வின் அடுத்தது) = (க + ச)-வின் அடுத்தது. கூட்டல் பகுதியில் முதற் புதிர் 0 + க = க என்று காட்டுவது. ‘இது தெரிந்ததுதானே’ என்கிறீர்களா? விதியைப் பாருங்கள். சுழியம் வலப்புறம் இருந்தால்தான் விதி பேசுகிறது, இடப்புறம் இருந்தால் பேசவில்லை. இங்கே கணிதத் தொகுத்தறிதல் வேண்டும்.

அரவைப் பருவத்தில் எறையூர் சர்க்கரை ஆலையின் எடைமேடைக்கு முன் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வண்டி ஏறிவிட்டது. எந்த வண்டி ஏறினாலும் அதன் பின்னால் நிற்பதும் ஏறும் என்பது உறுதி. எனவே எல்லா வண்டிகளும் ஏறும். அப்படியே, 0 + 0 = 0 என்பது முதல் விதி. 0 + க = க என்று கொண்டால், 0 + (க-வின் அடுத்தது) என்பது இரண்டாம் விதிப்படி (0 + க)-வின் அடுத்தது, அதாவது க-வின் அடுத்தது. முடிந்தது.

இந்த விளையாட்டின் பெருமை அதன் கண்டிப்பு. தவறினால் ஏசுவதில்லை, முகம் சுளிப்பதில்லை. நகர மறுக்கிறது, அவ்வளவுதான். ‘தெரிந்தது’ வேறு, ‘நிரூபித்தது’ வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடநூல் அரிது.

குறைகளும் உண்டு. கட்டளைகள் ஆங்கிலச் சுருக்கங்கள்; தமிழ்வழி மாணவர் கணிதத்தோடு போராடுமுன் எழுத்துகளோடு போராட வேண்டும். நம் பாடநூலில் இயல் எண்கள் 1-இல் தொடங்குகின்றன, இங்கே 0-இல். ஆசிரியர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் குழப்பம்தான். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று: நான்கைந்து கட்டளைகளைக் கண்மூடி மாற்றி மாற்றி அடித்தாலும் சில கட்டங்களைத் தாண்டிவிடலாம். இயந்திரம் ஒப்புக்கொள்கிறது, ஆடியவருக்கோ ஏன் என்று தெரியாது. மனப்பாடத்தின் இடத்தில் குருட்டு முயற்சி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியானால் இயந்திரத்தோடு எப்படிப் பழகுவது? நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2017 டிசம்பரில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அபூர்வா கரே வழியாக எழுந்த ஒரு குலக் கணித வினாவை டெரன்ஸ் தாவோ பொதுவில் முன்வைத்தார். அதே கழகத்தின் சித்தார்த்த காட்கில், ஸ்காலா மொழியில் தாம் எழுதிய நிரலைக் கொண்டு அதன் ஒரு பகுதிக்கு நிரூபணம் பெற்று, மனிதர் படிக்கக்கூடிய வரிகளாக வெளியிட்டார். மற்றவர்கள் அதை வரிவரியாகப் படித்தார்கள். அதனுள் ஒளிந்திருந்த கருத்தைக் கண்டார்கள். அதை விரித்து முழு விடையையும் எட்டினார்கள். 2018-இல் ஆறு பேரின் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இயந்திரம் சொன்னதை நம்பியதோடு அவர்கள் நின்றிருந்தால் இது நடந்திராது.

ஆகவே எறையூர்ப் பள்ளி மாணவரானாலும் சரி, எந்த ஊர் ஆசிரியரானாலும் சரி, இதை ஆடிப் பாருங்கள் என்றே பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கட்டத்தையும் வென்ற பின், திரையை அணைத்துவிட்டு அதே நிரூபணத்தைத் தமிழில், தாளில், முழு வாக்கியங்களாக எழுதுங்கள். எழுத வரவில்லையெனில் வென்றது நீங்கள் அல்ல.

கணிப்பொறி இல்லாதவர்களும் இன்றே தொடங்கலாம். மேற்கண்ட இரண்டு விதிகளை மட்டும் கொண்டு, (க-வின் அடுத்தது) + ச = (க + ச)-வின் அடுத்தது என்று காட்டுங்கள். ச-வின் மேல் தொகுத்தறிய வேண்டும். அது கைவந்தால், க + ச = ச + க என்பது அடுத்த படியிலேயே காத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் நம்பி வந்ததை முதன்முறையாக நிரூபித்திருப்பீர்கள்!