நேயர் விருப்பமும் உவகையும்
திரையிசை பற்றிய நம் ஆய்வுகள் பாடலாசிரியரையே பெரிதும் நோக்குகின்றன. கேட்போரின் உவகை ஆய்வுப் பொருளாவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு எனும் நான்கனைக் களனாகக் கூறும். புலனைக் கல்விப் பயனாகிய அறிவுடைமை எனக் கொள்வார் பேராசிரியர். அவ்வழி நின்றால், விரும்பிய பாடலை மீளமீளக் கேட்டல் விளையாட்டாகுமேயன்றிப் புலனாகாது. இது பொருந்துமாறு இல்லை. ஒரு பாடலைப் பன்முறை கேட்டவர் இடையிசை எங்கு முடியும், சரணத்தில் மெட்டு எங்குத் திரும்பும் என்பதை இசையிலக்கணம் பயிலாமலே அறிவர். அவ்வறிவும் பயிற்சியின் பயனே.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்கள் சுவையை உயர்த்தக் கருதி அகில இந்திய வானொலியில் திரையிசையைப் பெரிதும் குறைத்தார். நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித்பாரதி தொடங்கப்பெற்றது. சுவையறியார் எனப்பட்டோர் கடல் கடந்த அலைவரிசையைத் தேடிச் சென்றமை வெறும் பொழுதுபோக்கன்று; இன்னது வேண்டும் எனத் தெரிந்து கொண்ட செயலாகும். அமைச்சரைக் குறை கூறல் எளிது. யானும் என் முனைவர்பட்ட ஆய்வேட்டில், நாள்தோறும் கேட்ட பாடல்களுள் ஒன்றையேனும் சான்று காட்டத் துணிந்திலேன்.