மதிப்பூதியம் என்னும் சொல்

அரசின் கணக்கேடுகளில் அரை நூற்றாண்டாக வழங்கிவரும் சொல் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. 'மதிப்பூதியம்' என்பதே அது. கேட்பதற்கு இனிய இச்சொல் யாரை மதிக்கிறது, எதை மறைக்கிறது என ஆராய்வது நம் கடமை.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் தொடங்கப்பெற்றது. அங்கன்வாடிப் பெண்கள் அதில் தொண்டர்களாகவே கருதப்பட்டனர். தொண்டருக்கு ஊதியம் ஏது? எனவே மதிப்பூதியம் வந்தது. 2018 அக்டோபரில் நடுவண் அரசு பணியாளருக்குரிய தொகையை மாதம் ரூ.3,000-இலிருந்து 4,500-ஆகவும், உதவியாளருக்குரியதை 1,500-இலிருந்து 2,250-ஆகவும் உயர்த்தியது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. தமிழகம் சிறப்புக் காலமுறை ஊதியம் தந்து ஒருபடி முன்சென்றது. எனினும், அரசு ஊழியருக்குரிய முழுக் காலமுறை ஊதியம் வேண்டும் என்னும் கோரிக்கை ஓயவில்லை.

ஜவ்வாது மலையை எண்ணிப் பாருங்கள். சாமை விளையும் சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கும் குழந்தையை எடைபார்த்தல், சத்துமாவும் முட்டையும் வழங்கல், கருவுற்ற தாயைக் கண்டு பேசல், முன்பருவக் கல்வி, பதிவேடு என அத்தனையும் இப்பெண்கள்மேல்தான். மலைப்பாதையின் தூரம் உழைப்பைப் பெருக்குகிறது. மதிப்பூதியமோ தூரத்தை அளப்பதில்லை.

இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என 2006-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. குஜராத்திலிருந்து எழுந்த வழக்கில் 2022 ஏப்ரல் 25-ஆம் நாள் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா ஆகியோர் வேறு கோணத்தில் நோக்கினர். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவர்களது பணியைச் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. இவர்கள் பெறும் தொகை 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே. ஆகவே பணிக்கொடைக்கு இவர்கள் உரியவர்கள் என்றனர். 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதவியைத் தேடியது. 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உழைப்பைக் கண்டது. எனினும் இது பணிக்கொடைக்கு மட்டுமே வழிதிறந்தது. மாத ஊதியம் எவ்வளவு என்ற வினா அப்படியே நிற்கிறது. இதுவே இத்தீர்ப்பின் பெருமை. இதுவே இதன் எல்லையும்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதில் காயமுற்றவனைப் பேணும் பொறுப்பை ஏற்ற சாவடிப் பொறுப்பாளரை எவரும் நினைப்பதில்லை. சமாரியர் அவரிடம் 'தொண்டாகச் செய்யும்' என்று கேட்கவில்லை. இரு தெனாரியங்களை எடுத்துக் கொடுத்தார். மிகுதியாகச் செலவானால் திரும்பிவரும்போது தருவதாகவும் சொன்னார். இரக்கம் அவருடையது, அதன் செலவும் அவருடையதே. பிறர் வயிற்றில் அதை அவர் சுமத்தவில்லை.

இவ்வளவுகோல் அரசுக்கு மட்டும் உரியதன்று. அரசு மானியம் பெற்று நம்மவர் நடத்தும் குழந்தைகள் இல்லங்களிலும் முதியோர் காப்பகங்களிலும் சமைப்பவரும் துடைப்பவரும் இரவில் விழித்திருப்பவரும் பெறுவது என்ன? 'மானியம் தாமதமாகிறது' என்பது உண்மையாகலாம். ஆனால் அத்தாமதத்தை முதலில் தாங்குபவர் அங்கே கடைசி ஊதியம் பெறுபவராகவே இருப்பது முறையா? 1981-இல் வெளிவந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் உழைப்புப் பற்றிய சுற்றுமடல், நேரிய ஊதியத்தையே ஒரு சமூக அமைப்பின் நீதிக்கு உரைகல்லாகக் கொள்கிறது. பங்குப் பேரவைகள் ஆண்டுக் கணக்கை வாசிக்கையில் கட்டடச் செலவுக்கு முன்பாக ஊதியப் பக்கத்தைப் புரட்டட்டும். ஈகை அங்கேதான் மெய்யாகிறது.