எட்டு விழுக்காடு என்னும் ஆசை

2009 செப்டம்பரில், கோபன்ஹேகன் மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பு, இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஐந்து ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. 2031இல் நாட்டின் பசுங்குடில் வாயு உமிழ்வு 400 கோடி டன்னாக இருக்கலாம், 730 கோடி டன்னாகவும் இருக்கலாம் என்றன அவை. எவ்வளவு பெரிய இடைவெளி! ஆனால் அமைச்சகம் முன்னிறுத்தியது வேறொரு முடிவை: ஐந்தில் நான்கு ஆய்வுகளின்படி, 2031இல்கூட இந்தியரின் தலைக்கணக்கு உமிழ்வு 2005ஆம் ஆண்டின் உலகச் சராசரியை எட்டாது. பேரம் பேசப் போகிறவருக்கு இதைவிடத் தோதான கணிப்பு ஏது? அது பொய்யுமல்ல, இன்றுவரை அந்த வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

இத்தகைய கணிப்புகள் பலவற்றுக்கும் அடிப்படை ஜப்பானிய அறிஞர் யோயிச்சி காயா வகுத்த வாய்பாடு. மக்கள்தொகை, தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் எரிசக்தி, அந்த எரிசக்தி வெளியிடும் கார்பன் ஆகிய நான்கையும் பெருக்கினால் உமிழ்வு கிடைக்கும். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடிவதே இதன் பெரும்பலம். உற்பத்தி மதிப்பில் ரூபாய்க்கு இவ்வளவு என்ற உமிழ்வு விகிதத்தை, 2005ஐ ஒப்பிட 2030க்குள் 45 விழுக்காடு குறைப்போம் என்கிறது இந்தியா. அதைச் சொன்னபடி நிறைவேற்றினாலும் மொத்த உமிழ்வு கூடலாம் என்பதை இந்த வாய்பாட்டை வைத்து யாரும் கண்டுகொள்ளலாம்.

கோளாறு வருமானம் என்ற உறுப்பில் இருக்கிறது. அந்த ஐந்து ஆய்வுகளும் ஆண்டு வளர்ச்சியை ஏறத்தாழ 7.5க்கும் 9க்கும் இடையே வைத்துக்கொண்டன. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாடு இடறாமல் அந்த வேகத்தில் ஓடும் என்பதைக் கணிப்பு என்பதா, ஆசை என்பதா? நான்கு ஆய்வுகள் ஒத்துப்போனதை நான்கு சாட்சிகளாக எண்ணவும் முடியாது. எல்லாமே ஒரே ஆசையிலிருந்து புறப்பட்டவை. தவிர, வளர்ச்சியை மிகையாகக் காட்டினால் 'ஒன்றும் செய்யாவிட்டால்' என்ற கோடு உயர்ந்துவிடும். பிறகு சிறு குறைப்பும் பெருந்தியாகமாகத் தெரியும்.

மின்சாரத்தில் பிசகு கண்கூடு. 2016-17இல் உச்ச மின்தேவை சுமார் 200 கிகாவாட் ஆகும் என்றது மத்திய மின்சார ஆணையத்தின் 18ஆவது மதிப்பாய்வு, வந்தது 160. அனல் மின்நிலையங்கள் வேலையின்றிக் கிடந்தன, வங்கிக் கடன்கள் முடங்கின. நிலக்கரித் தட்டுப்பாடு முதல் பல காரணங்கள் உண்டென்றாலும் மிகைக் கணிப்புக்கும் அதில் பங்குண்டு. சூரிய மின்சாரத்திலோ தவறு எதிர்த்திசையில். 2010இல் யூனிட்டுக்குச் சுமார் 18 ரூபாய் என ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை, 2017இல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் 2.44 ரூபாய்க்கு இறங்கியது. அந்த ஏலத்துக்குச் சில மாதங்கள் முன்பே, கட்டுமானத்தில் இருப்பவை போகப் புதிய அனல் நிலையமே 2027 வரை வேண்டாம் என்றது ஒரு வரைவுத் திட்டம். 2023இல் அரசே கூடுதலாக 80 கிகாவாட் நிலக்கரித் திறன் வேண்டும் என்றது.

கணிப்புகள் தவறுவதில் எனக்குக் குறையில்லை. புதிய அறிக்கை வரும்போது பழையது எந்த உறுப்பில், எவ்வளவு பிசகியது என்ற அட்டவணை அதோடு வருவதில்லை என்பதே குறை. அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் நாடாளுமன்றத்திலும் வேரூன்றவில்லை. ஐந்தாண்டுத் தேவையையே 40 கிகாவாட் பிசகிக் கணித்த நாம், 2070இல் நிகர உமிழ்வு பூஜ்யம் என்று வழவழப்பான ஒரு கோட்டை இப்போதே வரைந்துகொண்டிருக்கிறோம்.