வாவிக்கரையில் குடியும் குடியிருப்பும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி அமைந்திருத்தலைக் காண்பர். காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதி. மருதமுனையை அடுத்துப் பாண்டிருப்பு. அக்கரைப்பற்றிலோ ஒரே நகரினுள் இரு பகுதிகள். இப்பிரிவினை எவ்வாறு விளக்குவது?

1920களில் சிக்காகோச் சமூகவியலாளர் வகுத்த கொள்கை யாவரும் அறிந்தது. புதிதாக வந்தோர் ஒருங்கே குடியேறுவர். தலைமுறைகள் செல்லச் செல்ல ஏனையோருடன் கலப்பர் என்பது அதன் சாரம். அக்கொள்கை முன்னிருந்தோர், பின்வந்தோர் என்ற பாகுபாட்டின்மீது நிற்பது. இங்கு அப்பாகுபாடு எளிதிற் பொருந்துவதன்று. 1962இல் எவ்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' பல குலத்தாரின் வருகையையும் கூறுகின்றது. பட்டாணியர் துணையுடன் முக்குவர் திமிலரை வென்றனர் என்பதும் இப்பகுதியில் வழங்கும் மரபு. இத்தகைய மரபுகளை நிலவுரிமைப் பத்திரமாக வாசிப்போர் உளர். நாம் அவ்வாசிப்பை ஏற்கிலோம். உறவின் தோற்றத்தை விளக்க எழுந்த கதையை உரிமை வழக்கிற் சாட்சியாக நிறுத்துதல் முறையன்று.

யார் முதலில் வந்தார் என்பதினும், வீடு யாருக்குச் செல்கின்றது என்பதே பயன்மிக்க வினா. அக்கரைப்பற்றை ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை பகர்கின்றது. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் தாய்வழிக் குடிமுறை உண்டு. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் இல்லம் புகுவான். எனவே தெருவின் தொடர்ச்சி பெண்வழியே செல்கின்றது. மணவுறவு சமூகத்தினுள் அமைவதால், சட்டம் எதுவுமின்றியே குடியிருப்பும் பிரிந்து நிற்கின்றது. பிரித்துவைக்கும் அவ்வழக்கமே இரு சாராருக்கும் பொதுவானது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் வழக்கம் மட்டுமே காரணம் என அமைதல் இயலாது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை ஆகிய இடங்களில் நிகழ்ந்த படுகொலைகளின் பின்னர், பழைய எல்லைகளில் அச்சமும் குடிகொண்டது. தேசப்படத்தில் எல்லைக்கோடு ஒன்றே. சீதனத்தால் அமைந்த கோடு வேறு, குருதியால் இறுகிய கோடு வேறு. குடித்தொகைக் கணக்கு இவ்வேறுபாட்டைக் காட்டாது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஆய்வு, அச்சத்தின் விளைவை மரபெனப் போற்றவும், மரபைப் பகையெனத் தூற்றவும் இடந்தரும். வாவிக்கரை மக்களுக்கு அவ்விரண்டும் கேடே.