கன்னன் வேண்டிய வரம்

வில்லிபாரதக் கன்னனைச் செஞ்சோற்றுக்கடன் கழித்தவன் எனப் போற்றுதல் மரபு. அஃது உண்மையே, எனினும், முழு உண்மையன்று.

பிறந்தவுடனே பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டவன் அவன். படைக்கலப் பயிற்சி அரங்கேறிய அவையிலே, குலம் வினவப்பெற்று நாணி நின்றவனை அங்கநாடளித்து ஏற்றவன் துரியோதனன். கைவிடப்படுதலின் கொடுமையை அறிந்தவனாதலின், போர்முகத்தில் அந்நண்பனைக் கைவிடக் கன்னன் இசைந்திலன். அவ்வுறுதியே அவனை அறமல்லாத பக்கத்திற் பிணித்தும் வைத்தது.

போர் மூளவிருந்த வேளையிலேதான் குந்தி அவனை நாடி வந்தாள். நாகக்கணையை மறுமுறை தொடாமையும், அருச்சுனன் ஒழிந்த நால்வரைக் கொல்லாமையும் அவள் வேண்ட, இரண்டையும் ஈந்தான். தான் வேண்டியவற்றுள் ஒன்று, களத்தில் வீழுங்கால் அவள் முலைப்பாலூட்டி, மகனென்று உலகறியக் கூறுதல். அரசை மறுத்தவன், பிறந்த நாளில் இழந்ததையே இறக்கும் நாளுக்கெனக் கேட்கின்றான்.

வள்ளலின் புகழினூடே அக்குழவியின் அழுகுரலையும் கேட்போரே வில்லியின் கன்னனை உணர்ந்தோராவர்.