வாலில் இருக்கிறது வித்தை

1937ஆம் ஆண்டு. ஹொனலூலுவில் ஜான் கெல்லி, வாலி ஃப்ராய்செத், ஃபிரான் ஹீத் என்ற மூன்று இளைஞர்கள் எரிச்சலோடு கரையேறினார்கள். அலையின் செங்குத்தான சரிவில் குறுக்கே போக முயலும்போதெல்லாம் சர்ஃப் பலகையின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அந்நாளைய மரப்பலகைகளின் வால் மிக அகலம். அடியில் ‘ஃபின்’ என்னும் சிறு துடுப்பும் கிடையாது. கெல்லி ஒரு கோடரியை எடுத்து வாலின் இரு பக்கத்தையும் செதுக்கித் தள்ளினார். ஏறத்தாழ 5 அங்குலத்துக்கு ஒடுங்கிப்போன அந்த வால் அலைக்குள் இறங்கி ஊன்றி நின்றது. ‘ஹாட் கர்ல்’ என்று பேர்பெற்ற அந்த வகைப் பலகையில்தான் அவர்கள் மக்காஹா கடற்கரையின் பேரலைகளில் இறங்கினார்கள்.

சர்ஃப் பலகையைப் பார்க்கிறவர்களின் கண் மூக்கிலும் வண்ணத்திலும் நின்றுவிடுகிறது. எனக்கு வால்தான் முதலில். சறுக்குகிறவரின் பின்கால் அழுத்துவது அங்கே; திருப்பம் பிறப்பது அங்கே; தண்ணீர் பலகையைக் கடைசியாகத் தொட்டு விடைபெறுவதும் அங்கே. அது எப்படி விடைபெறுகிறது என்பதில் இருக்கிறது சங்கதி.

குழாயைத் திறந்து, கரண்டியின் முதுகை நீர்த்தாரையில் லேசாகக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் வளைவோடு ஒட்டிக்கொண்டு போகும். கரண்டியையும் தன் பக்கம் இழுக்கும். உருண்ட வாலிலும் இதுதான் நடக்கிறது. கூரான மூலை வந்தாலோ தண்ணீர் அங்கேயே அறுந்து பிரிந்துவிடும். ஒட்டினால் பிடிப்பு, நீண்டு வழியும் திருப்பம். பிரிந்தால் விடுதலை, சட்டென்று ஒடியும் திருப்பம். இதோடு அகலமும் சேர்கிறது. அகன்ற வால் சோம்பலான அலையிலும் நீர்மேல் எழுந்து ஓடும். ஒடுங்கியது காலால் அழுத்தியதும் உள்ளே இறங்கும்.

இந்தக் கணக்கின் ஒரு கோடி ‘பின் டெயில்’ என்ற ஊசிவால். இரு பக்கக் கோடுகளும் ஒரே முனையில் கூடும் வால். ஹவாயின் பைப்லைனில், ஆழமில்லாத பாறைத்திட்டின் மேல் அலை குழலாகச் சுருளும்போது சறுக்கு வீரர் ஜெர்ரி லோப்பஸ் அதற்குள் அலட்டிக்கொள்ளாமல் நின்ற படங்கள் 1970களில் உலகைச் சுற்றின. அந்த நிதானத்தில் பாதி அவருடையது. பாதி அந்த ஊசிவாலுடையது. பார்க்க இதைவிட அழகான வால் இல்லை. ஆனால் இடுப்பளவு அலையில் அதை ஓட்டுவது பெரும்பாடு.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. 1967இல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர், மண்டியிட்டுச் சறுக்குவதற்காகக் குட்டையான, அகலமான பலகை ஒன்றைச் செய்து அதன் வாலை இரண்டாகப் பிளந்தார். ‘ஃபிஷ்’ என்று இன்றும் கொண்டாடப்படுவது அதுதான். அதன் தந்திரத்தைக் கவனியுங்கள். நேரே போகையில் வாலின் முழு அகலமும் நீர்மேல் தாங்கி வேகம் கொடுக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தாலோ அந்தப் பக்கத்து முனை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும். அகன்ற வால் அந்த நொடியில் ஒரு ஊசிவாலாகிவிடுகிறது. முனைக்கு ஒன்றாக இரண்டு ஃபின். எதிரும் புதிருமான இரண்டு குணங்களை ஒரு வெட்டில் சேர்த்த இந்த வேலையைப் புத்திசாலித்தனம் என்று மட்டும் சொன்னால் போதாது.

1976இல் ஹவாய் வீரர் ரெனோ அபெலிராவின் கையில் இப்படியொரு பலகையைப் பார்த்த ஆஸ்திரேலியர் மார்க் ரிச்சர்ட்ஸ், பிறகு தன் இரட்டை ஃபின் பலகையை உருவாக்கி 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார். அதே வகைப் பலகை கனத்த உடம்புக்காரரான சைமன் ஆண்டர்சனின் காலடியில் வழுக்கியது. அவர் 1980இல் மூன்றாவது ஃபின்னைச் சேர்த்தார். ‘த்ரஸ்டர்’ என்ற அந்த அமைப்போடு 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில், பெரிய அலைகளில் அவர் வென்ற பிறகு உலகமே மூன்று ஃபின்னுக்கு மாறியது. (காப்புரிமை வாங்காததால் அவருக்குப் புகழ் வந்த அளவு பணம் வரவில்லை.)

மூன்று ஃபின்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது ‘ஸ்குவாஷ் டெயில்’: சதுரமாக வெட்டி, மூலைகளை லேசாக மழுக்கிய வால். பிடிப்பும் உண்டு, விடுதலையும் உண்டு. இன்று கடைகளில் அதிகம் நிற்பது இதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை, மயங்கவும் ஒன்றுமில்லை. வௌவால் வால், வைர வால் என்று வருகிறவற்றில் பலதும் இதன் மேல் செய்த அலங்காரம் என்பதே என் எண்ணம்.

வாலைத் தனியே எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஃபின் இருக்கும் இடம், விளிம்பின் கூர்மை, அடிப்பாகத்தின் வளைவு எல்லாம் சேர்ந்துதான் பலகை பேசும். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலோ இலங்கையின் அறுகம் குடாவிலோ வாடகைக்குப் பலகை எடுக்கப் போனால், முனையின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். வால் நுனியிலிருந்து ஒரு அடி மேலே கையை வைத்து அகலத்தைப் பாருங்கள். செய்கிறவர்களும் அங்கேதான் அளக்கிறார்கள்.